ஒரு கணினியில் ஓடுகிறது, இன்னொன்றில் விழுகிறது: பைதானில் இருந்து சி லைப்ரரியை அழைப்பது

#1 குறிலன்

வணக்கம். அளவுக் கருவி ஒன்றுக்கு அதைச் செய்தவர்களே ஒரு சி லைப்ரரி கொடுத்திருக்கிறார்கள். மூல நிரல் கிடையாது. தொகுத்த கோப்பும் ஒரு ஹெட்டர் கோப்பும் மட்டும்தான். நான் சி எழுதுபவன் இல்லை என்பதால் பைதானோடு கூடவே வரும், சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் மாட்யூல் வழியாக அழைக்கிறேன். பயன்படுத்துவது மூன்றே ஃபங்ஷன்கள்: திற, படி, மூடு. ஸ்கிரிப்ட் மொத்தமே 40 வரி.

பழைய கணினியில் எட்டு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. போன வாரம் புதுக் கணினிக்கு மாறினோம். இரண்டும் லினக்ஸ், இரண்டும் 64 பிட். புதியதில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதாகப் பிழை) என்று ஒரே வரி வந்து நின்றுவிடுகிறது. டிரேஸ்பேக் இல்லை. டிரை எக்செப்ட் போட்டுப் பார்த்தேன், அதற்கும் சிக்கவில்லை. நடுநடுவே பிரிண்ட் வைத்துப் பார்த்ததில் 'திற' தாண்டிவிடுகிறது, 'படி' அழைக்கும் இடத்தில்தான் விழுகிறது.

லைப்ரரி தந்தவர்களைக் கேட்டால் "எங்கள் சோதனை நிரல் ஓடுகிறதே" என்கிறார்கள். அது சியில் எழுதியது. என் புதுக் கணினியிலும் அது ஓடத்தான் செய்கிறது. எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

#2 அரைகுறை

பைதான் பதிப்பு என்ன? லைப்ரரியை எடுத்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். 32 பிட், 64 பிட் குழப்பமாகவும் இருக்கலாம். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று.

#3 நூலேணி

32-ம் 64-ம் கலந்திருந்தால் லைப்ரரி ஏறவே ஏறாது. லினக்ஸ் எல்ஃப் (அதன் நிரல் கோப்பு வடிவம்) வகுப்பு தவறு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். விண்டோஸ் என்றால் 193 என்ற பிழை எண் வரும். இவருக்கு 'திற' வரை நடக்கிறது. ஆகவே அது இல்லை.

குறிலன், மூன்று விஷயம் சொல்லுங்கள். ஹெட்டர் கோப்பில் 'திற' என்ன வகையைத் திருப்பித் தருவதாக எழுதியிருக்கிறது? உங்கள் ஸ்கிரிப்டில் அந்த வகையை எங்காவது குறிப்பிட்டிருக்கிறீர்களா? 'திற' தந்த மதிப்பை இரண்டு கணினியிலும் பிரிண்ட் செய்தால் என்ன வருகிறது?

இன்னொன்று. டிரேஸ்பேக் இல்லை என்று கஷ்டப்பட வேண்டாம். பைதான் 3.3 முதல் ஃபால்ட்ஹேண்ட்லர் என்று ஒரு மாட்யூல் உள்ளேயே இருக்கிறது. அதை ஸ்கிரிப்டின் முதல் வரியில் இயக்கிவிட்டால், இப்படி விழும்போதும் எந்தப் பைதான் வரியில் விழுந்தது என்று காட்டிவிட்டுத்தான் சாகும்.

#4 குறிலன்

ஹெட்டரில் 'வாய்டு ஸ்டார்' என்று இருக்கிறது. நான் எதையும் குறிப்பிடவில்லை. அழைத்தேன், ஒரு எண் வந்தது, அதை அப்படியே 'படி'க்குக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

பழைய கணினி: 29384720
புதிய கணினி: -1467731280

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எண் மாறுகிறது. பழையதில் எப்போதும் இதே அளவில்தான் இருக்கிறது. புதியதில் சில தடவை பிளஸ், சில தடவை மைனஸ். ஃபால்ட்ஹேண்ட்லரும் நீங்கள் சொன்னபடி 'படி' வரியைத்தான் காட்டுகிறது.

#5 நூலேணி

மைனஸ் எண்ணிலேயே விடை இருக்கிறது. 'வாய்டு ஸ்டார்' என்றால் வாய்டு பாயிண்டர், அதாவது நினைவக முகவரி. முகவரிக்கு ஏது மைனஸ்?

தொகுத்த லைப்ரரிக் கோப்பில் ஒரு ஃபங்ஷனின் பெயரும் அது தொடங்கும் இடமும் இருக்கும். அது எத்தனை ஆர்க்யுமென்ட் கேட்கும், ஒவ்வொன்றும் என்ன வகை, என்ன திருப்பித் தரும் என்பதெல்லாம் அந்த அட்டவணையில் கிடையாது. அது ஹெட்டர் கோப்பில் இருக்கிறது. சி கம்பைலர் ஹெட்டரைப் படிக்கிறது, அதனால் அவர்கள் சோதனை நிரல் ஓடுகிறது. சிடைப்ஸ் ஹெட்டரைப் படிப்பதில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், திரும்பி வருவது சியின் இன்ட், அதாவது 32 பிட் முழு எண், என்று தானாக வைத்துக்கொள்ளும்.

உங்கள் 'திற' 64 பிட் முகவரியை முழுசாகத்தான் தந்திருக்கிறது. சிடைப்ஸ் அதில் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மேல்பாதியை விட்டுவிட்டது. எடுத்த பாதியின் உச்சி பிட் 1 ஆக இருந்தால் மைனஸ், 0 ஆக இருந்தால் பிளஸ். அதனால்தான் மாறி மாறி வருகிறது. இரண்டுமே தப்பான முகவரிதான்.

'திற' ஃபங்ஷனின் ரெஸ்டைப் பண்புக்கு, அதாவது திரும்பி வரும் வகையைச் சொல்லும் பண்புக்கு, வாய்டு பாயிண்டர் வகையைக் கொடுங்கள். கைபேசியில் தட்டுகிறேன், அதனால் நிரலை அப்படியே எழுதிப் போட முடியவில்லை. சிடைப்ஸ் ஆவணத்தில் ரெஸ்டைப் என்று தேடினால் முதல் எடுத்துக்காட்டே போதும்.

இதே நோய்க்கு இன்னொரு முகம், சுலபமாகச் சோதித்துப் பார்க்கலாம். கணித லைப்ரரியில் இருக்கும் வர்க்கமூல ஃபங்ஷனை எதுவும் குறிப்பிடாமல் 2 கொடுத்து அழையுங்கள். ஏதோ ஒரு சம்பந்தமில்லாத முழு எண் வரும். தசம எண்கள் போகவும் வரவும் தனி ரெஜிஸ்டர்கள் (சிபியூவுக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) இருக்கின்றன. சிடைப்ஸ் முழு எண்ணுக்கான ரெஜிஸ்டரில் 2-ஐ வைத்துவிட்டு, விடையையும் அங்கேயே எதிர்பார்க்கும். விடை பக்கத்து அறையில் இருக்கும். 2.0 என்று கொடுத்தால் மட்டும், இதை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை என்று நேர்மையாக மறுத்துவிடும்.

#6 குறிலன்

செய்தேன். இப்போது 'திற' தருவது 94372253668016. பார்த்தால் முகவரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதே வரியில் அதே மாதிரி விழுகிறது!

#7 நூலேணி

என் தவறு, பாதி மருந்துதான் சொன்னேன். வரும்போது வெட்டுப்பட்டது இப்போது போகும்போது வெட்டுப்படுகிறது.

ரெஸ்டைப் வைத்ததும் உங்களுக்குக் கிடைப்பது சாதாரணப் பைதான் முழு எண். அதை 'படி'க்குக் கொடுக்கும்போது, 'படி' என்ன கேட்கிறது என்று சிடைப்ஸுக்குத் தெரியாது. மறுபடியும் இன்ட் என்று வைத்துக்கொள்கிறது. 94372253668016-ஐ 4294967296-ஆல் வகுத்தால் மீதி 3232240304. அதை 32 பிட் இன்ட்டாகப் படித்தால் -1062726992. 'படி'க்குப் போய்ச் சேர்ந்தது இதுதான்.

'படி', 'மூடு' இரண்டுக்கும் ஆர்க்டைப்ஸ் பட்டியலை, அதாவது ஆர்க்யுமென்ட்களின் வகைகளை, எழுதுங்கள். ஹெட்டரில் இருக்கும் வரிசைப்படி, ஒன்று விடாமல்.

விண்டோஸில் இருந்திருந்தால் இந்த இடத்தில் எண் பெரிது, மாற்ற முடியாது என்று பைதானே பிழை காட்டியிருக்கும். அங்கே சியின் லாங் 4 பைட், லினக்ஸில் 8 பைட். சிடைப்ஸ் உள்ளே முதலில் லாங்காக மாற்றிவிட்டுத்தான் இன்ட்டாக வெட்டுகிறது. லினக்ஸில் 8 பைட்டுக்குள் எண் அடங்கிவிடுவதால் சத்தமே இல்லாமல் வெட்டுகிறது.

#8 குறிலன்

ஓடிவிட்டது!! ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நன்றி.

ஆனாலும் மனசு ஆறவில்லை. பழைய கணினியிலும் 64 பிட் பைதான்தான். அங்கேயும் வெட்டுப்பட்டிருக்க வேண்டுமே. எட்டு மாதம் எப்படி ஓடியது?

#9 பழங்கணினி

வெட்டுப்பட்டது. வெட்டிய பாதியில் வெறும் பூஜ்யங்கள் இருந்ததால் தெரியவில்லை.

உங்கள் பழைய கணினியில் இருந்த பைதான், நிலையான முகவரியில் ஏறும் விதத்தில் தொகுக்கப்பட்டதாக இருக்கும். அப்படிப்பட்ட நிரல் 4194304 என்ற முகவரியில் உட்காரும். அதன் ஹீப், அதாவது சியில் நினைவகம் ஒதுக்கும் மாலாக் ஃபங்ஷன் சின்னச் சின்ன இடங்களைப் பிய்த்துக் கொடுக்கும் பகுதி, அதற்கு அடுத்தாற்போல் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும். உங்கள் 29384720 அந்த அக்கம்பக்கத்து எண்தான். 2147483647 வரை இன்ட் தாங்கும் என்பதால் மூன்று கோடியை அது தாராளமாகத் தாங்கிவிட்டது.

புதுக் கணினியில் இருக்கும் பைதான், எங்கு வேண்டுமானாலும் ஏறக்கூடிய விதத்தில் தொகுக்கப்பட்டது. பாதுகாப்புக்காக இப்போது பல இடங்களில் அப்படித்தான் தொகுக்கிறார்கள். அந்த வகை நிரலின் ஹீப் 94 லட்சம் கோடி என்ற வட்டாரத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் எண்ணைப் பாருங்கள், சரியாக அங்கேதான் இருக்கிறது.

பழைய கணினியிலும் நீங்கள் கத்தி மேல்தான் நடந்திருக்கிறீர்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியின் மாலாக் தொடக்கத்தில் 128 கிலோபைட் அளவைத் தாண்டும் கோரிக்கையை ஹீப்பில் இருந்து தராது. கெர்னலிடம் தனியாக இடம் வாங்கித் தரும். அந்த இடம் 140 லட்சம் கோடிப் பக்கம் இருக்கும். லைப்ரரிக்காரர்கள் ஒரு புதுப் பதிப்பில் 'திற' ஒதுக்கித் தரும் அந்த ஹேண்டிலுக்குள் பெரிய பஃபர் ஒன்றைச் சேர்த்திருந்தால் போதும், அன்றைக்கே பழைய கணினியும் விழுந்திருக்கும். பிரதான திரெட்டை விட்டுவிட்டு வேறு திரெட்டில் இருந்து 'திற'வை அழைத்திருந்தாலும் அப்படியே ஆகியிருக்கலாம்.

இந்த ரகப் பிழையில் எனக்குப் பிடித்த ஒன்று: சி லைப்ரரியின் டைம் ஃபங்ஷனை ரெஸ்டைப் வைக்காமல் அழைத்துப் பாருங்கள். இன்றைக்குச் சரியான விடைதான் தரும். 2038 ஜனவரி 19 அன்று யுடிசி நேரம் 03:14:07 தாண்டியதும் மைனஸுக்குப் போகும். அவ்வளவு காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள், விண்டோஸில் கணினி எழுந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லும் கெட்டிக்கவுன்ட்டை அழைக்கலாம். 25-வது நாளிலேயே மைனஸ் வந்துவிடும்.

#10 மெல்லினம்

இழையில் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் சிடைப்ஸ் பிரச்சினைதான், ஆனால் விண்டோஸ். விண்டோஸின் யூசர்32 லைப்ரரியில் இருக்கும், செய்திப் பெட்டி காட்டும் மெசேஜ்பாக்ஸ் ஃபங்ஷனில் தமிழைக் காட்ட முயல்கிறேன். தமிழ் வரியை யுடிஎஃப் 8-ஆக மாற்றிக் கொடுத்தால் தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வருகின்றன. மாற்றாமல் கொடுத்தால் வேறு ஏதோ கிறுக்கல். ஆங்கில வரியை மாற்றாமல் கொடுத்தால் முதல் எழுத்து மட்டும் தெரிகிறது!

#11 இரவுக்குருவி

அந்த ஏ-யும் ஆர்-உம் தமிழ் இணையத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்த முகங்கள்தான். யுடிஎஃப் 8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையில் 224 என்பது கோடு போட்ட ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். விண்டோஸ் உங்கள் பைட்டுகளை அந்த அட்டவணையை வைத்துப் படித்திருக்கிறது.

நீங்கள் அழைத்திருப்பது ஏ என்று முடியும் மெசேஜ்பாக்ஸ். அதுதான் பழைய எழுத்து அட்டவணைக்காரர். டபிள்யூ என்று முடியும் இன்னொன்று அதே டிஎல்எல்லில் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பில்) இருக்கிறது, அது யுடிஎஃப் 16 கேட்கும். அதைக் கூப்பிட்டுத் தமிழ் வரியை எதுவும் மாற்றாமல் அப்படியே கொடுங்கள். பைதானின் எழுத்துச் சரத்தைச் சிடைப்ஸ் அகல எழுத்தாகவே அனுப்பும், விண்டோஸில் அது யுடிஎஃப் 16.

ஆங்கிலம் ஒற்றை எழுத்தில் நின்றதற்கும் அதுதான் காரணம். யுடிஎஃப் 16-இல் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பைட் பூஜ்யம். ஏ வகை ஃபங்ஷனுக்குப் பூஜ்யம் என்றால் வரி முடிந்தது என்று பொருள். ஹெட்டரைச் சேர்த்துத் தொகுக்கும் சி நிரலில் வெறும் மெசேஜ்பாக்ஸ் என்று எழுதினாலே போதும், அது ஒரு மேக்ரோ, ஏ-வா டபிள்யூ-வா என்று கம்பைலர் பார்த்துக்கொள்ளும். டிஎல்எல்லுக்குள் மேக்ரோ இல்லை. முழுப்பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

நாளைக்கு ஜன்னல் தலைப்பைப் படிக்கும் ஃபங்ஷனுக்குப் போவீர்கள், அப்போது ஒன்று நினைவிருக்கட்டும். பஃபர் அளவை பைட்டில் கேட்கிறதா எழுத்தில் கேட்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ வகையில் பெரும்பாலும் எழுத்தில்தான். எழுத்து என்றால் நம் இலக்கண எழுத்து இல்லை. 'தமிழ்' இலக்கணப்படி மூன்று எழுத்து, யுடிஎஃப் 16-இல் ஐந்து அலகு, முடிவுப் பூஜ்யத்தோடு ஆறு. மூன்று என்று எண்ணி நான்கு இடம் ஒதுக்கினால் கடைசியில் ழகரமும் புள்ளியும் காணாமல் போய் 'தமி' என்று நிற்கும்.

#12 மெல்லினம்

டபிள்யூ போட்டதும் வந்துவிட்டது. அப்புறம், தோல்வி அடைந்த அழைப்பு ஒன்றுக்குப் பின்னால், கடைசிப் பிழை எண்ணைத் தரும் விண்டோஸ் ஃபங்ஷனான கெட்லாஸ்ட்எரரை அழைத்தால் எப்போதும் 0 தருகிறதே, அது?

#13 இரவுக்குருவி

நீங்கள் இரண்டு வரிக்கு நடுவில் சும்மா இருப்பதாக நினைக்கிறீர்கள், பைதான் சும்மா இருப்பதில்லை. அது தன் வேலைக்காக விண்டோஸை நாலு தடவை அழைத்திருக்கும், உங்கள் பிழை எண் அதில் அழிந்திருக்கும். லைப்ரரியை ஏற்றும்போதே யூஸ் லாஸ்ட் எரர் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். அப்போது சிடைப்ஸ் அழைப்பு முடிந்த கையோடு எண்ணைப் பத்திரப்படுத்தும். பிறகு சிடைப்ஸின் கெட் லாஸ்ட் எரரைக் கேளுங்கள். லினக்ஸிலும், அங்கே பிழை எண் வைக்கும் எர்நோவுக்கு இதே ஏற்பாடு உண்டு.

#14 கல்வெட்டு

இழையை முழுசாகப் படித்தேன். இவ்வளவு கண்ணிவெடிகளைத் தாண்டி ஏன் ஸ்கிரிப்ட் மொழியில் இருந்து நேராகப் போக வேண்டும்? சியில் 50 வரியில் ஒரு நிரல் எழுதி, அது கருவியிடம் பேசி விடையை அச்சிடட்டும். பைதான் அதைத் தனி பிராசஸாக ஓட்டிப் படித்துக்கொள்ளட்டும். விழுந்தால் அந்தச் சின்ன நிரல்தான் விழும், உங்கள் ஸ்கிரிப்ட் விழாது. பாயிண்டரைத் தொடத் தெரியாதவர்கள் கையில் சிடைப்ஸைக் கொடுத்ததே தப்பு.

#15 நூலேணி

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நம்பிக்கை இல்லாத லைப்ரரி என்றால் தனி பிராசஸ்தான் நல்லது, நானும் அதைச் செய்கிறேன். கடைசி வரிதான் சேரவில்லை. அவர் சி எழுதுபவன் இல்லை என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறார். பாயிண்டர் தெரியாதவருக்குச் சியில் 50 வரி எழுதச் சொல்வது என்ன பரிகாரம்?

நடுவழி ஒன்று இருக்கிறது, சிஎஃப்எஃப்ஐ. பைதானில் இருந்து சியை அழைக்க உதவும் இன்னொரு லைப்ரரி அது. அதை ஏபிஐ முறையில் பயன்படுத்தினால் சி கம்பைலர் உண்மையான ஹெட்டரை வைத்துச் சரிபார்க்கும். நீங்கள் எழுதிய வகை ஹெட்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஓட்டும் முன்பே கத்தும். ஆனால் தொகுக்கும் இடத்தில் கம்பைலர் வேண்டும். அது பல பேருக்குத் தலைவலி. அதே சிஎஃப்எஃப்ஐயின் இன்னொரு முறையில் கம்பைலர் வேண்டாம், ஹெட்டர் வரிகளை வெட்டி ஒட்டினால் போதும். ஆனால் ஒட்டியதில் தப்பு இருந்தால் சிடைப்ஸ் மாதிரியே அமைதியாக விழும்.

லுவா மொழியின் லுவாஜிட்டிலும் இந்த வெட்டி ஒட்டும் பாணிதான், பிஎச்பியிலும் 7.4 முதல் அதே பாணி. பிஎச்பியில் அது இயல்பாகக் கட்டளை வரியிலும் முன்கூட்டி ஏற்றிய கோப்புகளிலும் மட்டும்தான் இயங்கும். வலைப்பக்கத்து ஸ்கிரிப்ட் எல்லாம் இஷ்டத்துக்கு நினைவகத்தில் கை வைக்கக் கூடாது என்று வைத்த பூட்டு அது. கல்வெட்டு ஐயாவுக்குப் பிடிக்கும்.

#16 கல்வெட்டு

பிடிக்கிறது :)

#17 இடையினம்

இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் லைப்ரரி ஒரு கால்பேக் கேட்கிறது, புதுத் தரவு வரும்போதெல்லாம் அதை அழைக்கும். பைதான் ஃபங்ஷனை, சியில் இருந்து அழைக்கத்தக்கதாக மாற்றும் சிடைப்ஸின் சிஃபங்டைப்பால் சுற்றி, பதிவு செய்யும் அழைப்புக்குள்ளேயே நேராகக் கொடுத்தேன். முதல் சில அழைப்பு நன்றாக வருகிறது, சில நேரம் முதலிலேயே விழுகிறது. வகைகள் எல்லாம் சரி, மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

#18 பழங்கணினி

"நேராகக் கொடுத்தேன்" என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சுற்றிய பொருளுக்கு நீங்கள் பெயர் வைக்கவில்லை. பதிவு செய்யும் அழைப்பு முடிந்ததும் அதை வைத்திருப்பவர் யாரும் இல்லை என்று பைதான் குப்பையில் போட்டுவிட்டது. சி லைப்ரரி அதன் முகவரியைக் குறித்து வைத்திருப்பது பைதானுக்கு எப்படித் தெரியும்? காலி செய்த இடத்தில் வேறு யாரும் குடியேறாத வரை ஓடும், குடியேறியதும் விழும். சுற்றிய பொருளை மாட்யூல் அளவில் ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரி கால்பேக்கை விடும் வரை அந்த மாறி உயிரோடு இருக்க வேண்டும்.

அந்தக் கால்பேக்குக்குள் எக்செப்ஷன் எழுந்தால் உங்கள் பிரதான நிரலுக்கு அது வராது. எரர் திரையில் அச்சாகிவிட்டு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே உள்ளே டிரை எக்செப்ட் போட்டு நீங்களே எங்காவது எழுதி வையுங்கள்.

#19 இடையினம்

ஒரு மாறி! மூன்று நாள் போயிற்று. நன்றி.

#20 அரைகுறை

நானும் ஒன்று சேர்க்கிறேன், இதை அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டேன். லைப்ரரி தானே இடம் ஒதுக்கி எழுத்துச் சரம் ஒன்றைத் தந்து, "முடிந்ததும் எங்கள் விடுவிப்பு ஃபங்ஷனை அழை" என்று சொன்னால், ரெஸ்டைப்பில் கேர் பாயிண்டர் வகையை வைக்காதீர்கள். சிடைப்ஸ் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அதை உடனே பைதான் பைட்ஸாக நகல் எடுத்துக் கொடுத்துவிடும். மூல முகவரி உங்கள் கைக்கே வராது, எதை விடுவிப்பது? என் ஸ்கிரிப்ட் நினைவகத்தைத் தின்றுகொண்டே போனது, நான் பைதானைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்டு பாயிண்டராக வாங்கி, அதில் இருந்து சரத்தை நகல் எடுத்து, பிறகு விடுவித்தால் சரி.

#21 நூலேணி

அரைகுறை என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த இழையின் நல்ல குறிப்புகளில் ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள்.

#22 குறிலன்

மறுபடியும் நான்தான். தைரியம் வந்துவிட்டதால் நான்காவது ஃபங்ஷனுக்குப் போனேன், 'நிலை'. அது ஒரு ஸ்ட்ரக்டை நிரப்பித் தரும். ஹெட்டரில் மூன்று புலங்கள்: கேர் வகையில் நிலை, டபுள் வகையில் அளவு, இன்ட் வகையில் எண்ணிக்கை. அதே வரிசையில், அதே வகையில் எழுதினேன். ஆர்க்டைப்ஸ் எல்லாம் வைத்துவிட்டேன். விழவில்லை. ஆனால்:

நிலை: 1 (சரி)
அளவு: 6.64 பெருக்கல் 10 அடுக்கு மைனஸ் 321
எண்ணிக்கை: 0

கருவியின் திரையில் 27.5 என்று காட்டுகிறது.

#23 நூலேணி

இந்த எண்ணைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம், உள்ளே சரக்கு இருக்கிறது.

டபுள் வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய நேர் எண் சுமார் 4.94 பெருக்கல் 10 அடுக்கு மைனஸ் 324. உங்கள் எண்ணை அதால் வகுத்தால் 1344. அதாவது அந்த எட்டு பைட்டையும் வெறும் முழு எண்ணாகப் படித்தால் 1344. அது 5 தடவை 256, மீதி 64. முதல் பைட் 64, இரண்டாவது பைட் 5, மற்றதெல்லாம் பூஜ்யம்.

64 எங்கே வரும் தெரியுமா? 27.5-ஐ டபுளாக எழுதினால் அதன் உச்சி பைட் 64. அது நினைவகத்தில் கடைசியாக உட்காரும். ஆக, உண்மையான அளவின் கடைசி பைட்டில் இருந்து நீங்கள் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஏழு பைட் தள்ளிப் படிக்கிறீர்கள். அடுத்து வரும் 5 உங்கள் எண்ணிக்கை. கருவியில் எண்ணிக்கை இப்போது 5 தானே?

சிடைப்ஸ் வழக்கமான சி விதிப்படி டபுளை 8-ஆல் வகுபடும் இடத்தில் வைக்கிறது. அதனால் நிலைக்குப் பின்னால் ஏழு பைட் இடைவெளி. லைப்ரரி இடைவெளி விடாமல் நெருக்கி வைக்கிறது. ஹெட்டரில் அந்த ஸ்ட்ரக்டுக்கு மேலே, ரொம்ப மேலே கூட இருக்கலாம், பிராக்மா பேக் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் ஸ்ட்ரக்ட் வகுப்பில் பேக் பண்பை 1 என்று வையுங்கள். புலங்களின் பட்டியலுக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் வைத்தால் பலிக்காது. வைத்துவிட்டு சைஸ்ஆஃப் கேளுங்கள். இப்போது 24 சொல்லும், பிறகு 13 சொல்ல வேண்டும்.

24-க்குள் 13 பைட் எழுதியதால் தப்பித்தீர்கள். நீங்கள் ஒதுக்கியது சின்னதாகவும் லைப்ரரி எழுதியது பெரிதாகவும் இருந்திருந்தால், பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்றின் மேல் எழுதியிருக்கும், அது எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

#24 குறிலன்

பிராக்மா வரி இருக்கிறது. இருநூறு வரிக்கு மேலே, முதல் குறிப்புரைக்கு அடுத்து. பேக் வைத்ததும் 13 என்கிறது. நிலை 1, அளவு 27.5, எண்ணிக்கை 5. கருவித் திரையிலும் 5 தான்.

இதில் ஒரு சங்கடம். எட்டு மாதத்துக்கு முன்பே இந்த ஃபங்ஷனை ஒருமுறை அழைத்துப் பார்த்தேன். எண்ணிக்கை எப்போதும் 0 வந்தது. "இந்தக் கருவி எண்ணிக்கையைத் தராது" என்று எங்கள் கையேட்டில் எழுதி வைத்துவிட்டேன். இவ்வளவு நாளாக எல்லோரும் திரையைப் பார்த்துக் கையால் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

#25 பழங்கணினி

கையேட்டில் எந்தப் பக்கம்?

#26 குறிலன்

முதல் பக்கம். தடித்த எழுத்தில்.